ஒரு புள்ளடியும் வலென்சியாக் கடற்கரையும்

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, "பிழை பிடிக்கிற வேலை" என்று சொல்லுவேன். உண்மையும் அதுதான். மொன்றியல் நகரத்துச் சென்ட் லோரன்ட் பகுதியில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதகனாக இருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் பளீரென்ற ஒரு விளக்கின் கீழே குந்தினால், நகமளவு உலோகத் துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கவேண்டும். கீறல் இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லாவிட்டால் பச்சைப் பெட்டி. மயிரிழைக் கீறலையும் கண்டுபிடிக்கிறவன் என்று அங்கே எனக்கு ஒரு பெயர். வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னால் மனைவி, "ஓம் ஓம், சவரம் செய்த முகத்தில பாதித் தாடி நிக்குது, அது தெரியேல்லை" என்பாள்.

என் வாழ்க்கையின் ஆகப் பெரிய பிழை தொழிற்சாலையில் நடக்கவில்லை. அதே நகரத்தில், எங்கள் ஆட்கள் நெருங்கி வாழ்ந்த பார்க் எக்ஸ்டென்ஷனில், பிளாஸ்ரிக் விரிப்புப் போட்ட ஒரு குசினி மேசையில் நடந்தது.

அப்போது இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். எல்லோரும் யாழ்ப்பாணம், எல்லோரும் அகதிக் கோரிக்கை. ஆறு பேரில் ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் பாஸ் பண்ணியவன் நான் ஒருவன்தான். விழுந்தெழும்பிப் பாஸ். ஆனால் மொன்றியலில் அது தெரிந்தவர் யாரும் இருக்கவில்லை. சனிக்கிழமை காலைகளில் வேறு வீடுகளில் இருந்தும் ஆட்கள் படிவங்களோடு வருவார்கள். நான் குளித்து, தலை இழுத்து, கறுப்புப் பேனையோடு மேசையில் இருப்பேன். வைத்தியர் மாதிரி. என்னிடம் ஒரு முறை இருந்தது. கேள்வியை முழுக்க வாசிக்கக்கூடாது, வாசித்தால் பயம் வரும். முதல் மூன்று சொல்லைப் பார்த்து, மிச்சத்தை ஊகித்து, கட்டத்துக்குள் புள்ளடி போடவேண்டும். கை நடுங்கக்கூடாது. வந்தவர்கள் என் வேகத்தைப் பார்த்தே ஆறுதல் அடைந்தார்கள்.

சிநேகிதன் ஒரு மாசி மாதம் வந்து சேர்ந்தான். ஊரில் ஒன்றாகப் படித்தவன். கல்யாணம் முடித்து, பெண்குழந்தை பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த கையோடு புறப்பட்டவன். கல்யாணம் கோயிலில் நடந்தது. சண்டைக்குள் பதிவுக்காரரைத் தேடிப் போக வழியில்லாததால் எழுத்து எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஞானம் உலவியது: தனியாளின் கேஸ் கெதியாக முடியும். குடும்பம் இருக்கிறது என்று போட்டால் கல்யாணப் பத்திரம் கேட்பார்கள், இல்லாவிட்டால் பொய்க்காரன் என்பார்கள். இந்த ஞானத்தை அந்த வீட்டுக்கு யார் கொண்டுவந்தது என்று இன்றுவரை தெரியாது. நானாகவும் இருக்கலாம்.

"தனியாள்" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு பூச்சியம். வடிவான பூச்சியம், நல்ல வட்டம்.

"பிள்ளையையும் விடுறதோ?" என்று அவன் கேட்டான்.

"பேந்து சேர்ப்பம்" என்றேன்.

அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

பிறகு சேர்க்க முடியவில்லை. அவனுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்து, மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பித்தபோது ஒரு கடிதம் வந்தது. முதல் படிவத்தில் சொல்லாத ஆட்களைக் குடும்பமென்று கூப்பிட இயலாது. மறுபடி எழுதினோம், மன்றாடினோம், வழக்கறிஞர் பிடித்தோம். அந்தப் படிவங்கள் எல்லாவற்றையும் நிரப்பியதும் நான்தான், அவன் என்னிடமேதான் கொண்டுவந்தான். "உன்ர எழுத்து வடிவு" என்பான். பத்து வருடம் பொறுத்திருந்த மனைவி ஒருநாள், இனி ஃபோன் எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒருமுறை ஊருக்குப் போனான். மகள் ரியூசனுக்குப் போய்விட்டாள் என்று படலையில் வைத்துச் சொன்னார்கள். மூன்று நாள் போனான். மூன்று நாளும் ரியூசன். பிறகு ஒரு காலத்தில் இங்கே சட்டத்தைக் கொஞ்சம் இளக்கினார்கள். அப்போது மகள், பிள்ளையென்று கூப்பிடக்கூடிய வயது எல்லையைச் சில மாதங்களால் தாண்டியிருந்தாள்.

இத்தனை வருடத்தில் அவன் ஒருநாளும் என்னைப் பார்த்து, "நீதானேடா" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். சண்டை பிடித்திருந்தால் முடிந்திருக்கும். சொல்லாதபடியால் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. எது பிழைத்தாலும், "அதுக்கும் நான்தான் காரணம்" என்று முந்திக்கொண்டு சொல்லுவேன். மெட்ரோ நின்றுவிட்டால் நான்தான். உறைமழைக்குக் கரண்ட் போனால் நான்தான். கல்யாண வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு முடிந்துவிட்டால், எழும்பி நின்று கைகூப்பி மன்னிப்புக் கேட்பேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பகிடிக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டேன். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

இரண்டு வருடத்துக்கு முன், அவன் மகளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்து, ஸ்பெயினில் வலென்சியா என்ற ஊரில் நீர்ப் பொறியியல் மேற்படிப்புப் படிக்க வந்திருக்கிறாள் என்று தெரியவந்தது. அவள் சொல்லவில்லை. சொந்தக்காரர் ஒருவர் ஃபேஸ்புக்கில் படம் போட்டிருந்தார். சிநேகிதன் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறான். அடுத்த சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் குசினிக்கு வந்தான்.

"பிள்ளையைப் பாக்க வாறன் எண்டு சொன்னால் வேண்டாம் எண்டுவாள். சுற்றுலா வாறம் எண்டு சொல்லுவம்."

"ஆர் வாறம்?"

"நீ, நான், மன்னார் அண்ணை. மூண்டு பேர் எண்டால்தான் சுற்றுலா மாதிரி இருக்கும்."

செய்தியை நான் எழுதித் தரவேண்டும் என்றான். நான் மறுத்துவிட்டேன். "உன்ர கையால எழுது" என்றேன். ஒரு காலைப்பொழுது முழுக்க எழுதினான். 'நாங்கள் மூன்று சிநேகிதர் ஸ்பெயின் சுற்றிப் பார்க்க வருகிறோம். வலென்சியாவும் பார்க்க இருக்கிறோம். உங்களுக்கு நேரம் இருந்தால் சந்திக்கலாம்.' சொந்த மகளுக்கு 'உங்களுக்கு'. நான் பரிசோதகன், பார்த்தேன், ஒன்றும் சொல்லாமல் பச்சைப் பெட்டியில் போட்டேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. 'ஓகே. திகதியைச் சொல்லுங்கோ. நான் இடங்கள் காட்டுறன்.' அதை அவன் சந்தையில் எல்லோருக்கும் காட்டினான். தக்காளிக் கடை முதலாளிக்கும் காட்டினான். ஒரு எழுத்தும் தெரியாத அந்த வெள்ளைக்காரர், பார்த்துவிட்டு மரியாதையாக, மிக நல்லது என்று பிரெஞ்சில், "த்ரே பியான்" என்றாராம்.

மன்னார் அண்ணை மருந்துக் கொம்பனியில் பெட்டி அடைத்து ஓய்வுபெற்றவர். எங்களைவிடப் பத்து வயது மூப்பு, கத்தோலிக்கர், மனைவி தவறியபிறகு தேவாலயமும் எங்கள் வீடுகளும்தான் அவருக்குப் போக்கிடம். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். நாளுக்கு ஒரு கோயில், நாளுக்கு ஒருநேரச் சோறு.

சுற்றுலா என்று நாங்கள் மூவரும் அதுவரை எங்கேயும் போனதில்லை. ரொறன்ரோவுக்குக் கல்யாணம், லண்டனுக்குச் செத்தவீடு, பாரிசுக்குச் சாமத்தியவீடு. போன இடத்தில் யாராவது அழுவார்கள், அல்லது சாப்பாடு போடுவார்கள். இரண்டும் இல்லாத பயணத்துக்கு எப்படிப் பெட்டி அடுக்குவது என்று தெரியாமல், சிநேகிதன் ஊருக்குப் போகிற மாதிரியே அடுக்கினான். சவர்க்காரம், சொக்லேட், தலையிடிக் குளிசை, மேப்பிள் பாணி நான்கு தகரம், குளிருக்குப் போடும் கம்பளிக் காலுறை பத்துச் சோடி. ஆனி மாதம், வலென்சியா.

"அங்க வெய்யில் மண்டையைப் பிளக்குமாம்" என்றேன்.

"படிக்கிற அறை குளிரா இருக்கும்" என்றான்.

விமானத்தில் எனக்கும் அண்ணைக்கும் நடுவில் இருந்தான். நான் இறக்கையைக் காட்டி, "அந்த ஆணி நான் பாத்ததோ தெரியாது, கும்பிட்டுக்கொள்ளுங்கோ" என்றேன். அண்ணை உண்மையாகவே சிலுவை போட்டார். சிநேகிதன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தால் சொன்னான்:

"ஒருக்கா அப்பா எண்டு கூப்பிட்டால் காணும் மச்சான். வேற ஒண்டும் வேண்டாம். அடுத்த பிளேனிலயே திரும்பிடுவன்."

அண்ணை நித்திரை. நான் யன்னலைப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு முடிவு எடுத்தேன். தகப்பன் தன்னை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தான் என்றுதான் அந்தப் பிள்ளை வளர்ந்திருக்கும். அந்தப் புள்ளடியைப் போட்டது அவனில்லை, நான் என்று அவளிடம் சொல்லிவிடுவது. சொன்னால் 'அப்பா' வரும். என்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை, துப்புவதற்கு ஏற்ற முகம்தான்.

விமான நிலையத்தில் வந்து நின்றாள். மெல்லிசு, கறுப்புக் கண்ணாடி, தோளில் துணிப்பை. படங்களில் பார்த்த முகம்தான், ஆனால் நெற்றி அப்படியே அவனுடைய நெற்றி. அண்ணையைப் பார்த்து, "வணக்கம் அங்கிள்" என்றாள். என்னைப் பார்த்து, "வணக்கம் அங்கிள்" என்றாள். அவனைப் பார்த்து, "வாங்கோ" என்றாள்.

அவன் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று இருந்தது. அது எங்கே போனதோ தெரியவில்லை. "பிரயாணம் எல்லாம் சுகமோ?" என்று அவளைக் கேட்டான்.

"நான் பஸ்ஸில வந்தனான்" என்றாள் அவள். "நீங்கள்தான் பிரயாணம்."

சுற்றுலா என்று நாங்கள் சொன்ன பொய்யை அவள் நம்பிவிட்டாள், அல்லது நம்புவதென்று தீர்மானித்துவிட்டாள். ஐந்து நாளுக்கும் அட்டவணை போட்டிருந்தாள். ஒன்பதரைக்கு இது, பதினொன்றுக்கு அது. எங்களுக்குப் பொய் சொன்ன குற்றத்துக்குத் தண்டனை, உண்மையான சுற்றுலாக்காரராக நடப்பது. முழங்கால் மூட்டு தேய்ந்த மூன்று கிழவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு, ஒரு பெண்பிள்ளையின் பின்னால், இடிந்த மதில்களைப் பார்த்து, "ஆ, வடிவு" என்று சொல்லிக்கொண்டு நடந்தோம்.

முதல் நாள் பெரிய தேவாலயத்தின் கோபுரம். இருநூற்றுச் சொச்சம் படி, சுருண்டு சுருண்டு மேலே போகும், ஒரு ஆள் மட்டும். அவள் முன்னால், பிறகு அண்ணை, பிறகு நான், கடைசியில் அவன். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்து, "அங்கிள், கவனமா வாங்கோ" என்பாள். அது எங்கள் இருவருக்கும். கீழே மூச்சுவாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு ஒரு விளிச்சொல்லும் இல்லை. அந்த ஐந்து நாளும் இதைக் கவனித்தேன், என் தொழில் அதுதானே. அவனிடம் பேசவேண்டி வந்தால் வசனத்தைத் தலைப்பு இல்லாமல் தொடங்குவாள். "தண்ணி வேணுமோ?" "இதால வாங்கோ." "தொப்பி விழப்போகுது." ஒரு பிழையும் இல்லாத மரியாதை. கீறல் கண்டுபிடிக்க முடியவில்லை.

உச்சியில் நின்று, "இவ்வளவு படி வைச்சதுக்கும் நான்தான் காரணம் பிள்ளை" என்றேன். அரை உதட்டால் சிரித்தாள். அண்ணை, "இவன் எல்லாத்துக்கும் தான்தான் எண்டுவான், நீ பெரிசா எடுக்காத பிள்ளை" என்று விளக்கம் கொடுத்தார்.

இரண்டாம் நாள் ஒரு ஆற்றைக் காட்டினாள். ஆறு இல்லை. நகரத்தின் நடுவாக நீளமான பள்ளம், உள்ளே மரங்கள், புல்லு, சைக்கிள் ஓடுகிறவர்கள். மேலே கற்பாலங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. அவளுடைய படிப்புச் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அன்றைக்குத்தான் முகம் தெளிந்து கதைத்தாள்.

"இதால ஆறு ஓடினது. ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு, இனி இது ஊருக்குள்ள வரக்கூடாது எண்டு, வெளியால வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டவை."

அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஆற்றையல்ல, அவளை. பிறகு கேட்டான், "திரும்ப இதால விடேலாதோ?"

"ஏன்?"

"பாலம் எல்லாம் கிடக்குதே."

"இப்ப இதுக்குள்ள மரங்கள் வளந்திட்டுது. சின்னப் பிள்ளையள் விளையாடுற இடம் எல்லாம் வந்திட்டுது. இனித் தண்ணி வந்தால் எல்லாரும் கஸ்டப்படுவினம்" என்றாள். பாடம் சொல்லுகிற குரல்தான், வேறொன்றும் இல்லை.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "ஆத்தைத் திருப்பினதும் நான்தான்" என்றேன். அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். அவள் முழு உதட்டால் சிரித்தாள். நான் முன்னேறிக்கொண்டிருந்தேன், பிழையான திசையில்.

அன்று மத்தியானம் அண்ணையின் சோற்று நிபந்தனைக்காக ஒரு சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த ஊர் சோற்றுக்குப் பெயர்போனதாம். வண்டிச் சில்லு அகலத்தில் ஒரு தட்டையான தாச்சி வந்து மேசை நடுவில் இறங்கியது. மஞ்சள் சோறு, போஞ்சி, கோழி, முயல். அண்ணை கரண்டியால் கிண்டிப் பார்த்து, "பிரியாணியும் இல்லை, புக்கையும் இல்லை. பாதி வழியில விட்டிட்டாங்கள்" என்றார். அடியில் பிடித்துக் கருகின சோறுதான் இங்கே ஆகச் சிறந்த பகுதி, அதற்குச் சண்டை பிடிப்பார்கள் என்று அவள் சொன்னாள்.

அதைக் கேட்டதும் சிநேகிதன் எழும்பிவிட்டான். கரண்டியைத் திருப்பிப் பிடித்து, தாச்சியின் அடியைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினான். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். சுரண்டினது அவ்வளவையும் அள்ளி அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான். தனக்கு ஒரு பருக்கை எடுக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கோப்பையைச் சரித்து, "அங்கிளுக்குப் பல்லு நல்லம்தானே, சாப்பிடுங்கோ" என்று பாதியை அண்ணைக்கும் பாதியை எனக்கும் பங்கிட்டாள். அண்ணை நிலைமை விளங்காமல் கறுமுறு என்று சாப்பிட்டு, "இது பரவாயில்லை" என்றார். நானும் சாப்பிட்டேன். பல்லுக்குள் கல் மாதிரி இருந்தது. உண்மையில் நல்ல ருசி, அதையும் சொல்லவேண்டும்.

மூன்றாம் நாள் நாங்கள் தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு வந்தாள். அவன் பெட்டியைத் திறந்தான். ஊரில் என்றால் ஒரு வெளிநாட்டுப் பெட்டி திறபடும்போது வீடே வந்து குனிந்து நிற்கும். இங்கே நாங்கள் மூன்று பேர்தான் குனிந்து நின்றோம். யன்னலுக்கு வெளியே வெய்யில் கொதித்துக்கொண்டிருக்க, கம்பளிக் காலுறையை ஒவ்வொரு சோடியாக எடுத்துக் கட்டிலில் அடுக்கினான்.

"தாங்க்ஸ்" என்றாள் அவள். "இஞ்ச எல்லாம் வாங்கலாம். எனக்கு அறையில இடமும் இல்லை." ஒரு பாணித் தகரமும் ஒரு சவர்க்காரமும் எடுத்தாள். மரியாதைக்கு எடுக்கிறாள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. "மிச்சத்தை ஊருக்குப் போற ஆரிட்டயும் குடுத்து விடுங்கோவன்."

"அம்மா எடுப்பாவோ?" என்று அவன் கேட்டான்.

அவள் பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. "எடுக்கமாட்டா" என்றாள்.

"காலுறையை நான் எடுக்கிறன்" என்றார் அண்ணை. "எனக்குக் கோயிலுக்குள்ள கால் விறைக்கிறது." எத்தனையோ வருடம் பெட்டி அடைத்த மனிதர் அல்லவா, அவ்வளவு நேர்த்தியாக எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார்.

கடற்கரை கடைசி நாளுக்கு. அட்டவணையில் 'பீச், இரண்டு முதல் ஐந்து' என்று இருந்தது. நாங்கள் நீளக் காற்சட்டை, சப்பாத்து, காலுறை. ஓலைக் குடையின் கீழே மூன்று பேரும் வரிசையாக இருந்தோம், நேர்முகப் பரீட்சைக்கு வந்த மாதிரி. முன்னால் உடுப்பு மிச்சம் பிடித்த சனம். அண்ணை அவ்வளவு நேரமும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து சிநேகிதன் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, "காலை நனைச்சிட்டு வாறன்" என்றான். அவனுக்கு நீந்தத் தெரியாது. அண்ணையும் கூடப் போனார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றதைப் பார்க்க, யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டு மறந்துபோன ஆட்கள் மாதிரி இருந்தது.

அவளும் நானும் தனியே. இதுதான் நேரம். நாளைக் காலை விமானம்.

"பிள்ளை, ஒண்டு சொல்லோணும்" என்றேன்.

"சொல்லுங்கோ அங்கிள்."

"உங்கட அப்பாவை உங்களிட்ட இருந்து பிரிச்சது நான்தான். அந்த ஃபோமில தனியாள் எண்டு புள்ளடி போட்டதும் நான். பிள்ளையள் இல்லை எண்டு எழுதினதும் நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். கைலேஞ்சியைக்கூட எடுத்துவிட்டேன். அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு மணலில் கையை ஊன்றிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க.

"அங்கிள், கோபுரத்துக்கு நீங்கள், ஆத்துக்கு நீங்கள், கடைசியா இதுக்கும் நீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. இது உண்மை. சத்தியமா."

சத்தியம் பண்ணியதும் இன்னும் கூடச் சிரித்தாள். என் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். நான் கவலையாக வைத்திருந்த முகம், பகிடி சொல்லும்போது வைத்திருக்கிற அதே முகம்தான். இருபத்தைந்து வருடமாக ஒரே முகத்தைப் பாவித்து வந்திருக்கிறேன், மாற்றுவதற்கு இன்னொன்று இருக்கவில்லை.

சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். பிறகு மெல்லமாகச் சொன்னாள்:

"நீங்கள் நல்ல சிநேகிதர் அங்கிள். அவருக்காக இதையும் தலையில போடுறியள். ஆனா அம்மாவிட்ட, லோயர் அனுப்பின அந்த ஃபோமின்ர கொப்பி இருக்கு. சின்ன வயசில ஒவ்வொரு வருசமும் எடுத்துக் காட்டுவா. கையெழுத்து அவற்ரதான்."

கையெழுத்து அவனுடையதுதான். அதற்கு மேலே இருந்ததெல்லாம் என் எழுத்து. வடிவான எழுத்து என்று அவன் சொல்லுகிற எழுத்து. ஒரு பேனை தா, எழுதிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. மொன்றியலுக்கு வந்து, வேலையில், ஒரு துண்டைச் சிவப்புப் பெட்டியில் போடும்போதுதான் தோன்றியது.

கடலுக்குள் நின்றவன் அவள் சிரித்த சத்தத்துக்குத் திரும்பியிருக்கிறான். ஒரு அலை வந்து இடுப்பு வரை நனைத்தது கூட அவனுக்குத் தெரியவில்லை. ஓட்டமும் நடையுமாக வந்தான், பின்னால் அண்ணை, "டேய், என்ர கையை விட்டிட்டு ஓடுறியே" என்று கத்திக்கொண்டு. அவள் எழும்பித் துணிப்பையைத் தட்டினாள். ஐந்து மணியாகிவிட்டது.

"என்னடா சொன்னனீ, அவள் அப்பிடிச் சிரிக்க?" என்று என் காதுக்குள் கேட்டான். முகம் முழுக்க உப்புத் தண்ணியும் சந்தோசமும்.

"பழைய பகிடி ஒண்டு."

அடுத்த நாள் விமான நிலையத்துக்குப் போகும் மெட்ரோ வாசல் வரை வந்தாள். "போயிட்டு வாங்கோ அங்கிள்." அது அண்ணைக்கு. "போயிட்டு வாங்கோ அங்கிள். எல்லாத்துக்கும் நீங்களே பழியை எடுக்காதேங்கோ." அது எனக்கு. அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் சேட்டின் கடைசிப் பொத்தானைப் பூட்டினான், யாரோ பெரிய மனிதருக்கு முன்னால் நிற்பதுபோல. அவள் வாய் திறந்தது.

"கவனம்" என்றாள்.

விமானம் ஏறி, சாப்பாடு வந்து, கோப்பை எடுத்துக்கொண்டு போனபிறகும் அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "கவனம் எண்டு சொன்னவள் மச்சான். கேட்டனியோ?" கேட்டேன் என்றேன். "எங்கட வீட்டில சொல்லுற மாதிரியே சொன்னவள்." ஓம் என்றேன். அண்ணை செபமாலையை உருட்டிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவள் படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிறு காலையில் அவன் ஃபோன் எடுப்பான். இரண்டு நிமிடம், சில நாள் மூன்று. சாப்பாடு ஆச்சோ, மழையோ, வேலை எப்படி. தலைப்பு இல்லாத வசனங்கள்தான் அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் வருகின்றனவாம்.

போன மாதம் என் குசினிக்கு வந்து இருந்தான். அதே மேசையில்லை, ஆனால் அதே மாதிரி விரிப்பு.

"கடற்கரையில சொன்னியே ஒரு பகிடி, அதை எனக்கும் சொல்லு. நான் ஃபோனில சொல்லிப் பாக்கோணும். அந்த மாதிரி இன்னொருக்கா அவள் சிரிக்கக் கேக்கோணும்."

இதுவும் ஒரு சந்தர்ப்பம்தான். தேத்தண்ணியை ஊற்றி அவனுக்கு முன்னால் வைத்தேன். பிறகு, மூன்று கிழவர் கடலுக்குக் காலுறை போட்டுக்கொண்டு போன கதை ஒன்றை அந்த இடத்திலேயே கட்டி, இதுதான் அது என்று சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான். மறந்துபோகாமல் இருக்க ஒரு துண்டில் எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும் என்னிடம் நீட்டி, "பிழை ஏதும் இருக்கோ பார்" என்றான். இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டைப் பார்த்து வாசித்திருக்கிறான். அடுத்த நாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் நான் நிற்கும்போது ஃபோன் அடித்தது.

"சிரிச்சவளோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றான். "நீ சொல்லுற மாதிரி எனக்குச் சொல்ல வருகுதில்லை மச்சான். பிழை என்னிலதான்."